தண்ணீர் விடுகிறவர் வீடு

அத்தியாயம் பதினொன்று

சம்பந்தியம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பட்டென்று வைத்துவிட்டாரே டேனியல், அங்கேதான் போன வாரம் நின்றோம். அதற்காக அவரை யாரும் திட்ட வேண்டாம். அந்த மனிதர் எல்லார் போனையும் அப்படித்தான் வைப்பார். "இன்னா? சரி. வெச்சிடறேன்." ஊராட்சி ஆபீஸிலிருந்து பேசினாலும் அவ்வளவுதான். பெற்ற மகள் பேசினாலும் அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கு நிஜமாகவே கோபம்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஊரு உப்புத் தண்ணில பச்சக் கொழந்தைய எப்படிக் குளிப்பாட்டறது? பிரசவம் இங்கயே ஆவட்டுமே" என்று கேட்டுவிட்டார் சம்பந்தியம்மா. யாரிடம் கேட்கிறார் பாருங்கள். அந்தத் தண்ணீரை ஊருக்கு விடுகிறவரிடமே!

"ஞாயித்துக்கிழம மாப்ளய வந்து பாக்கச் சொல்லுங்கோ. அப்பால பேசலாம்" என்றார் டேனியல். வைத்துவிட்டார்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, பெரிய தண்ணீர்த் தொட்டி தெரிகிற இடத்தில் இறங்கினால் நெல்லிமேடு. அந்தத் தொட்டிக்கு மோட்டார் போட்டு, தெருத்தெருவாக வால்வு திருப்பித் தண்ணீர் விடுகிற வேலை டேனியலுக்கு. மனைவி சுகிர்தா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் ஏஞ்சல் காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இப்போது ஏழு மாதம்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்கு வர வேண்டும். அம்மா இல்லாவிட்டால் என்ன, அப்பா இல்லையா? நான் இருக்கிறேன் என்று டேனியல் நினைக்கிறார். அந்த வீட்டில் ஒரு குரல் கேட்காதா என்று இரண்டு வருஷமாக ஏங்கிக் கிடக்கிறவர் அவர். அதை யாரிடமும் சொல்ல அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை.

*

நெல்லிமேட்டுத் தண்ணீரைப் பற்றிப் பொய் சொல்லிப் பயனில்லை. குழாய் வாயில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். சோப்பு எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது. பருப்பு எத்தனை விசில் விட்டாலும் விறைத்துக்கொண்டே கிடக்கும். தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார். குடிப்பதற்கு எல்லா வீட்டிலும் கேன் தண்ணீர்தான்.

டேனியல் ஒரு வாரமாக வீட்டைத் தயார் செய்திருந்தார். குழாய்களையெல்லாம் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று மாட்டினார். குளியலறைச் சுவரில் படிந்திருந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்தார். ஏஞ்சல் குளிக்கவும் சமைக்கவும் கேன்களை வாங்கி உள் அறையில் வரிசையாக அடுக்கினார்.

அதோடு விட்டிருக்கலாம் இல்லையா? விடவில்லை.

விடியற்காலையில் தொட்டி மேலே ஏறினார். கையில் பிளீச்சிங் பவுடர். வாராவாரம் போடுகிற மருந்துதான். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். எப்போதும் ஒரு டப்பா அளந்து போடுவார். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: தண்ணீர் கெட்டால் மருந்து போடு. மழைக்காலத்தில் கலங்கினாலும் அதுதான், ஊரில் பேதி வந்தாலும் அதுதான்.

மாப்பிள்ளை சோதிக்க வருகிறார். தண்ணீர் கெட்டது என்கிறார்கள். அப்படியென்றால்?

மூட்டையில் இருந்ததை அப்படியே கொட்டிவிட்டார். தெளிய விடுகிற பொறுமைகூட இல்லை. கிருமிக்குப் போடுகிற மருந்து உப்புக்குக் கேட்காது ஐயா என்று சொல்ல அங்கே யார் இருந்தார்கள்?

கீழே இறங்கி வால்வைத் திறந்தார். மோட்டார் ரூம் சாவியை எப்போதும்போல் அரைஞாணில் முடிந்துகொண்டார். அந்தச் சாவியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. ஜுரம் வந்து படுத்தபோதுகூட எழுந்து நடுங்கிக்கொண்டே போய்த் திறந்தாரே தவிர, கொடுக்கவில்லை.

பிறகு வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு வைத்தார். ஏஞ்சலுக்குப் பிடிக்கும் என்று முருங்கைக்கீரை போட்டுப் பருப்பும் கடைந்தார். கேன் தண்ணீரில் பருப்பு வெண்ணெயாக வெந்துவிட்டது. அவருக்கே ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் சொல்ல ஆளில்லை. கரண்டியைக் கழுவி வைத்தார்.

*

பதினோரு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. நண்பனிடம் இரவல் வாங்கிய கார். மாப்பிள்ளை ஜான்சன் நல்ல பிள்ளை. ஒரகடத்தில் கம்பெனி வேலை. எதைப் பார்த்தாலும் அளந்து பார்க்க வேண்டும் அவனுக்கு, அது ஒன்றுதான் குறை.

"வாங்க மாப்ள. வாம்மா."

"நைனா, எளச்சிட்டியே" என்றாள் ஏஞ்சல். முகத்தில் பூரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. தோளில் ஒரு பெரிய பை. ஜான்சன் வாங்கப் போனான். "வுடுங்க, நானே வெச்சிக்கறேன்" என்று அவளே உள் அறைக்குக் கொண்டுபோனாள்.

டேனியல் கேட்டார்: "சாப்ட்டியா?"

"நாஷ்டா பண்ணிட்டுத்தான் வந்தோம்."

"ம்."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

ஜான்சன்தான் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தான். "மாமா, இது எங்க கேன்டீன்ல தண்ணில உப்பு எவ்வளவுன்னு பாக்கற மீட்டர். அம்மாவுக்கு ஒரு திருப்தி, அதான். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

"பாருங்க மாப்ள. தாராளமா பாருங்க" என்று டேனியல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குழாயைத் திறந்தார்.

திறந்ததுதான் தாமதம், குப்பென்று அடித்தது வாசனை. ஆஸ்பத்திரி வராந்தாவைக் கழுவிவிட்ட மாதிரி. ஜான்சன் மூக்கைச் சுளித்தான். மீட்டரைத் தம்ளரில் விட்டான். எண் ஏறிக்கொண்டே போய் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டி நின்றது.

"கேன் தண்ணி நாப்பதுதான் காட்டும் மாமா. இது..."

அவன் முடிக்கவில்லை. பின்கட்டில் முகம் கழுவப் போயிருந்த ஏஞ்சல் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கொல்லைப்புறத்தில் அவள் குமட்டுகிற சத்தம் கேட்டது. ஜான்சன் பின்னாலேயே ஓடினான்.

டேனியலின் போன் அடித்தது. வைத்தார். மறுபடி அடித்தது. வைத்தார். மூன்றாவது போன் அடிப்பதற்குள் எதிர்வீட்டுச் செங்கேணி இடுப்பில் குடத்தோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னாண்ணா தண்ணி வுட்டுகிற? பாத்திரம் கெளுவுனா கையெல்லாம் எரியுது! டீக்கடைல பாலு திரிஞ்சி போச்சாம், அந்தாளு கத்திக்கினு கீறாரு. ஊரே பேஜாரா கீது. இன்னாத்தப் போட்டுத் தொலச்ச?"

"மருந்து... கொஞ்சம் கூடப் போயிடுச்சி."

"கொஞ்சமா!"

செங்கேணிக்கு வாய்தான் பெரிசு, மனசு அப்படியில்லை. உள்ளே மாப்பிள்ளை நிற்பதைப் பார்த்துவிட்டாள். பளபளக்கிற குழாயைப் பார்த்தாள். அடுக்கிய கேன்களைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

"சரி, சரி. போய் வால்வ மூடு மொதல்ல" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பொண்ண நான் பாத்துக்கறேன்."

*

மருந்தேறிய தண்ணீரை என்ன செய்ய முடியும்? கொட்டத்தான் வேண்டும். டேனியல் ஊருக்குப் போகிற வால்வை மூடிவிட்டு, தொட்டியின் அடியில் இருக்கிற கழிவு வால்வைத் திறந்தார். ஒரு ஊர் புழங்குகிற தண்ணீர் சோவென்று இறங்கிக் கால்வாயில் ஓடியது. சைக்கிளில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "டேனியலண்ணன் கூடவா இப்படி?" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவர் திரும்பவில்லை.

மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை போய்ச் சொல்வான். சம்பந்தியம்மா சிரிப்பார். ஏஞ்சல் வர மாட்டாள். இனி அந்த வீட்டில் யார் வருவார்கள்? இருக்கிற கறிக்குழம்பை ராத்திரிக்கும் நாளைக்கும் அவரே தின்ன வேண்டியதுதான். அழுகை வந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நைனா."

ஏஞ்சல் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு கை. டேனியல் பதறி எழுந்து துண்டால் படியைத் தட்டிவிட்டார். உட்கார்ந்தாள்.

அவர் வழக்கத்துக்கு மாறாகப் படபடவென்று பேசினார். "தோ பாரு, தண்ணிய வுட்டுட்டேன். இப்ப மோட்டார் போட்டா சாய்ங்காலத்துக்குள்ள புதுசு ஏறிடும். மாப்ளகிட்ட சொல்லு, உப்பு எடுக்கற மிஷினு ஒண்ணு கீதாம், செங்கல்பட்டுல விக்கறாங்களாம். வாங்கி மாட்டிடறேன். கொழந்தைக்குக் கேன் தண்ணிதான், ஒரு சொட்டு உப்புத் தண்ணி மேல படாது. உங்க அத்தைகிட்ட..."

"நைனா, அத்தையா சொல்லல."

"இன்னா?"

"உப்புத் தண்ணின்னு அத்தையா சொல்லல. நான்தான் அவங்களச் சொல்லச் சொன்னேன்."

தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று பார்த்தார். ஏஞ்சல் அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு அந்த வூட்டுக்கு வர்றதுக்குப் பயமா கீது நைனா."

"நம்ம வூடு அது. அங்க இன்னா பயம்?"

"போன கிறிஸ்மஸ்க்கு வந்தேனே, ஞாபகம் கீதா? எங்கிட்ட இன்னா பேசுன சொல்லு. சாப்ட்டியான்னு கேட்ட. மோட்டார் போடணும்னு சொன்ன. வேற இன்னா பேசுன? அம்மா இருந்தப்போ உனக்கும் சேத்து அவங்களே பேசிடுவாங்கோ. வூடே பேச்சா இருக்கும். இப்போ கொழாய் சொட்றது கூடக் கேக்குது அந்த வூட்ல. நான் பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து வுட்டுட்டு அழுவேன், உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அவருக்கு எப்படித் தெரியும்? அவர் தொட்டியடியில் இருந்தார்.

"அம்மா செத்த அன்னிக்கு, அவங்கள வூட்ல வெச்சிக்கினு கூட நீ போய் வால்வு தொறந்துட்டு வந்த. ஊருக்குத் தண்ணி வேணும், சரி. நான் தனியா அவங்க பக்கத்துல ஒக்காந்துக்கினு இருந்தேன். இப்போ வலி வந்தா நான் யார்கிட்ட கத்துவேன்? கொழந்தைய மடியில போட்டுக்கினு அந்த நாலு செவுத்துக்குள்ள யாரோட பேசுவேன்?"

பேசுங்களேன் ஐயா! எழுந்து போய் முதுகில் ஒரு தட்டுத் தட்டலாம் போல வருகிறது. ஒரு வார்த்தை போதும். அழாதே என்றால்கூடப் போதும். அவர் உள்ளே என்னவெல்லாமோ முட்டிக்கொண்டு நிற்கிறது, வாய்வரை வருகிறது. வெளியே வரவில்லை.

கழிவு வால்வில் சத்தம் குறைந்து, சொட்டுச் சொட்டாகி, நின்றது.

"தண்ணி வடிஞ்சிடுச்சி" என்றார் டேனியல். "மோட்டார் போடணும்."

ஏஞ்சல் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அழுகையே மேல்.

"போடு நைனா" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள்.

*

இரண்டு மணிக்குக் கார் கிளம்பிவிட்டது. ஜான்சன் கறிக்குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "தண்ணி ஒரு பிரச்சினையே இல்ல மாமா, ஏதாவது பண்ணிக்கலாம்" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். ஏஞ்சல் கீரைப் பருப்பைப் பிசைந்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லா வெந்துகீது" என்றாள். அவ்வளவுதான்.

டேனியல் நாலு மணி வாக்கில் இன்னொரு தரம் மோட்டார் ரூமுக்குப் போய்ப் பார்த்தார். கரண்ட் போய்ப் போய் வந்ததில் தொட்டி பாதிகூட ஏறவில்லை. மோட்டாரை ஓட விட்டுவிட்டு, ரூமைப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீடு காலையில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. தட்டுகளைக் கழுவினார். கேன்களைப் பார்த்தார். உள் அறைக் கதவைச் சாத்தப் போனவர் நின்றார்.

கதவுக்குப் பின்னால் ஏஞ்சலின் பை.

மறந்துவிட்டாளா? திறந்து பார்க்க மனம் வரவில்லை. ஆனால் ஜிப் முழுசாக மூடியிருக்கவில்லை. மேலாக மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னத் தொப்பி தெரிந்தது. உள்ளங்கையில் அடங்குகிற தொப்பி. டேனியல் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ. வெளியே வெயில் இறங்கியிருந்தது. போனை எடுத்தார். தானாக அவர் மகளுக்குப் போன் போட்டுப் பல மாதம் ஆகிறது.

"இன்னா நைனா?" ஏஞ்சல் குரலில் பதற்றம். "உடம்பு கிடம்பு சரியில்லயா?"

"இல்ல. வூட்டுக்குப் போயிட்டியா?"

"வந்துட்டோம்."

"பை இங்கயே கீது."

"தெரியும்" என்றாள்.

சரி, வெச்சிடறேன் என்று சொல்ல வேண்டிய இடம் இது. கட்டைவிரல் சிவப்புப் பொத்தான் பக்கம் தானாகவே போயிற்று. எத்தனையோ வருஷப் பழக்கம்.

"நைனா? வெச்சிட்டியா?"

"வெக்கல."

இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

"நீ பொறந்தப்போ" என்று ஆரம்பித்தார் டேனியல். "நீ பொறந்தப்பவும் இதே தண்ணிதான். உன்ன மொதமொதல்ல குளிப்பாட்டுனப்போ உடம்பெல்லாம் சிவந்துகினு கத்துன. உங்கம்மா அழுதா. நான் சைக்கிள எடுத்துக்கினு மாகறல் போனேன். செய்யாத்துல மணலத் தோண்டுனா ஊத்துத் தண்ணி வரும், தேங்காத் தண்ணி மாதிரி இருக்கும். ரெண்டு டின்னு புடிச்சிக் கட்டிக்கினு வந்தேன்."

"மாகறலுக்கா? அத்தாந் தூரமா?"

"தினிக்கும் போனேன். உனக்குத் தல நிக்கற வரைக்கும்."

"அம்மா சொன்னதே இல்லயே."

"நான்தான் சொல்லாதன்னேன். வெக்கமா இருந்துச்சி. ஆம்பள ஒருத்தன் கொழந்த குளிக்கற தண்ணிக்கு அலையறான்னு டீக்கடைல சிரிச்சானுங்கோ." அவர் மஞ்சள் தொப்பியைத் தொட்டார். "அம்மா செத்த அன்னிக்கு நான் தண்ணி வுடப் போகல ஏஞ்சலு. அங்க போய் அந்த ரூம்புக்குள்ள மோட்டார் சத்தத்துல அழுதேன். வூட்ல அழுதா நீ பயந்துடுவன்னு."

போனில் விசும்பல் கேட்டது. "இத்த ஏன் நைனா எங்கிட்ட சொல்லல?"

"எனக்குப் பேச வராதும்மா."

"இப்ப வருதே."

டேனியல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"பை அங்கயே இருக்கட்டும்" என்றாள் ஏஞ்சல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அப்போ வர்றியா?"

"தெரியல. நாளைக்கும் போன் பண்றியான்னு பாக்கறேன்."

அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம். பெருமழை ஓட்டில் அடிக்கிற மாதிரி ஆரம்பித்து, தெரு முழுக்க ஆளரவம். "தொட்டி ரொம்பி வழியுது! டேனியலண்ணா!" என்று செங்கேணி குரல் வாசலிலிருந்து எகிறியது. "எங்க போய்த் தொலஞ்ச! ரோட்டுல ஆறா ஓடுது!"

டேனியல் பார்க்கிற தொட்டி இதுவரை ஒரு நாளும் நிரம்பி வழிந்ததில்லை.

"இன்னா நைனா சத்தம்? மழையா?"

அவர் எழுந்து ஜன்னலுக்கு வந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டார். அரைஞாண் முடிச்சை அவிழ்த்து, மோட்டார் ரூம் சாவியை ஜன்னல் கம்பி வழியாகச் செங்கேணியிடம் நீட்டினார். செங்கேணி சாவியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு ஓடினாள்.

"நைனா? கீறியா?"

"கீறேன்" என்று டேனியல் மறுபடி பையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல. நீ சொல்லு."